ஆளறிந்து பிடிக்கும் வித்தை: டாக்டர் பவுல் எர்லிக்கின் வாழ்க்கை

குன்றிமணியைப் பார்க்காதவர் நம்மில் யார்? சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்குமாக வேலியோரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும். அந்தக் காலத்தில் தங்கம் நிறுக்க அதுதான் எடை. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கவும் அதுதான்.

அழகான அந்த விதைக்குள் கொடிய விஷம் இருக்கிறது. குழந்தைகள் அதைக் கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையிலும் இப்படி ஒரு விஷம் உண்டு. எண்ணெயில் அது இறங்குவதில்லை, பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது.

1891-ம் ஆண்டில் ஜெர்மனியில், பெர்லின் நகரில், ஒரு டாக்டர் இந்த இரண்டு விஷங்களையும் வைத்துக்கொண்டு எலிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பவுல் எர்லிக். அப்போது அவருக்கு வயது 37.

எலிகளுக்கு ஆமணக்கு விஷத்தை முதலில் துளியிலும் துளியாகக் கொடுத்தார். பிறகு நாளுக்கு நாள் அளவைக் கூட்டினார். சில வாரங்கள் சென்றன. சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கும் மேலான விஷத்தைக் கொடுத்தாலும் அந்த எலிகள் சாகவில்லை. ஓடி விளையாடின.

சரி, விஷத்துக்குப் பழகிவிட்டன என்றுதானே நினைப்போம்? அதே எலிகளுக்குக் குன்றிமணி விஷத்தைக் கொடுத்தார். செத்து விழுந்தன!

அதாவது, எலியின் ரத்தத்தில் ஒரு காவல்காரன் உண்டாகியிருக்கிறான். அவன் ஆமணக்கு விஷத்தை மட்டும் பிடிக்கிறான். குன்றிமணி விஷம் பக்கத்தில் வந்தாலும் அவனுக்கு அது கண்ணில் படுவதில்லை. எப்படி அவன் ஆளறிந்து பிடிக்கிறான்?

எர்லிக்கின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது. இன்று உலகம் முழுவதும் ஆராய்ச்சிச் சாலைகளில், உயிரணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் புரதங்களைக் கண்டுபிடிக்கிறார்களே, அந்த முறைக்கு அடிப்படையும் இதுதான்.

சாயத்தில் மயங்கிய மாணவர்

எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அவ்வூர் பிரஷ்யா நாட்டைச் சேர்ந்தது. இன்று போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். தந்தை விடுதி நடத்தினார். மது வடித்து விற்றார். அரசாங்க லாட்டரிக்குப் பணம் வசூல் செய்யும் வேலையையும் பார்த்தார்.

தாய்வழி உறவினர் ஒருவர் டாக்டராக இருந்தார். கார்ல் வைகெர்ட் என்று பெயர். எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர். மைக்ராஸ்கோப்பில் கிருமிகளைத் தெளிவாகப் பார்ப்பதற்காக, அவற்றுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். சிறுவயதிலேயே எர்லிக்குக்கு அவர்மூலம் சாயப் பைத்தியம் பிடித்தது.

அது ஜெர்மனியில் சாயத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம். நிலக்கரித் தாரிலிருந்து விதவிதமான செயற்கைச் சாயங்களைச் செய்தார்கள். துணிக்கடைக்காரர்கள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார்கள். எர்லிக்கோ அவற்றை உடம்பின் திசுக்கள்மீது ஊற்றிப் பார்த்தார்.

டாக்டர் படிப்புக்குப் போனார். பாடத்தைவிடச் சாயத்திலேயே அவர் மனம் இருந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரில் படித்தபோது, அவருடைய மேஜை முழுவதும் பல வண்ணத் திட்டுகளாக இருந்தது. பேராசிரியர் வால்டயர் அதைக் கண்டார். மாணவர் ஏதோ புதிதாகத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டு, கோபிக்காமல் அவர் போக்கிலேயே விட்டுவிட்டார்.

அந்தப் பெருந்தன்மை வீண்போகவில்லை. 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் எர்லிக் டாக்டர் பட்டம் பெற்றார். திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவதுதான் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையின் பொருள்.

அவரைக் கவர்ந்தது வண்ணத்தின் அழகு அல்ல. ஒரு சாயத்தைத் திசுவின்மீது ஊற்றினால், எல்லா இடத்திலும் ஒரேமாதிரி ஒட்டுவதில்லை. ஒரு வகை உயிரணுவை அது பற்றிக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள மற்றொன்றை விட்டுவிடுகிறது. ஏன்? சாயத்துக்கும் அந்த உயிரணுவில் உள்ள ஏதோ ஒரு பொருளுக்கும் பொருத்தம் இருக்கவேண்டும் என்று எர்லிக் முடிவு கட்டினார். இந்த எண்ணத்தை அவர் சாகும்வரை விடவில்லை.

தன் சளியிலேயே கிருமி

பெர்லினில் புகழ்பெற்ற ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் எர்லிக்குக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு துளி ரத்தத்துக்குச் சாயம் ஏற்றி, வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு என்று பிரித்துக் காட்டினார். இன்றும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளை அணுக்களின் வகைகளைத் தனித்தனியாக எழுதுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு அவர்தான் வித்திட்டார்.

1882 மார்ச் 24-ந் தேதி பெர்லினில் ஒரு கூட்டம் நடந்தது. காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் அங்கே அறிவித்தார். எர்லிக்கும் கூட்டத்தில் இருந்தார். அன்றிரவே வேலையில் இறங்கினார். கிருமிக்குச் சாயம் ஏற்ற, காக் கையாண்டதைவிட நல்ல முறை ஒன்றைச் சீக்கிரமே கண்டார். டாக்டர்கள் சளியை எளிதாகச் சோதிக்க அது வழி செய்தது. காக் அதை மனமாரப் பாராட்டினார்.

1883-ல் எர்லிக்குக்கும் ஹெட்விக் என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 19. பிற்பாடு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

விதி விளையாடியது. 1888-ல் ஒருநாள் எர்லிக் தன் சளியையே சோதித்தார். அதில் காசநோய்க் கிருமி இருந்தது! பல நோயாளிகளுக்கு நோயைக் காட்டிக்கொடுத்த சாயம், அவருக்கும் காட்டிக்கொடுத்தது.

அந்த நாளில் அந்த நோய்க்கு மருந்து இல்லை. வெயிலும் வறண்ட காற்றும் நல்லது என்று எகிப்து நாட்டுக்குப் போனார். மனைவியும் உடன் சென்றார். நல்ல காலம், நோய் அடங்கியது. 1889-ல் பெர்லினுக்குத் திரும்பினார். வந்தபோது கையில் உத்தியோகம் இல்லை. சொந்தச் செலவில் சிறிய ஆராய்ச்சிச் சாலை ஒன்றை அமைத்துக்கொண்டார். பிறகு காக் தம்முடைய நிலையத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்.

தாய்ப்பாலில் வந்த காவல்

இந்தச் சமயத்தில்தான் அந்த எலி ஆராய்ச்சி நடந்தது. விஷத்தை எதிர்க்க ரத்தத்தில் உண்டாகும் பொருளுக்கு எதிர்ப்பொருள் என்ற கருத்தில் 1891-ல் எர்லிக் ஒரு பெயர் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு இன்னும் ஓர் அருமையான சோதனை செய்தார். விஷத்தை எதிர்க்கப் பழகிய தாய் எலி ஒன்று. பழகாத தாய் எலி ஒன்று. பழகாத தாயின் குட்டிகளை எடுத்துப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகள் விஷத்தைத் தாங்கின! வளர்ப்புத் தாயின் பால் வழியாகவே காவல் வந்து சேர்ந்திருந்தது. தாய்ப்பால் குழந்தைக்கு உணவு மட்டுமல்ல, கவசமும்கூட என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

அப்போது ஐரோப்பாவில் தொண்டை அடைப்பான் என்ற நோய் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. தொண்டையில் தோல்போல ஒரு படலம் வளரும். மூச்சுத் திணறும். பெற்றோர் கண் எதிரிலேயே குழந்தை இறக்கும்.

எமில் பேரிங் என்ற ஜெர்மானியரும், கிதசாட்டோ என்ற ஜப்பானியரும் 1890-ல் ஒரு வழி கண்டார்கள். நோயின் விஷத்தைத் தாங்கப் பழகிய பிராணியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்துச் செலுத்தினால், மற்றொரு பிராணி பிழைக்கும் என்று காட்டினார்கள். அந்த நீருக்குச் சீரம் என்று பெயர்.

வழி நல்ல வழிதான். ஆனால் ஒரு புட்டியில் உள்ள சீரம் நன்றாக வேலை செய்யும். மற்றொரு புட்டி பயன்படாது. எவ்வளவு கொடுப்பது என்றும் தெரியாது. எர்லிக் அங்கேதான் கைகொடுத்தார். பிராணிகளுக்கு விஷத்தைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து வலுவான சீரம் எடுக்கும் முறையை வகுத்தார். 1894-ல் அவரும் நண்பர்களும் 220 குழந்தைகளுக்குச் சீரம் கொடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். நோய் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் மருந்து பெற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

1897-ல் சீரத்தின் வலிமையை அளக்க எர்லிக் ஓர் அளவுகோலை ஏற்படுத்தினார். பாலுக்குப் படி, துணிக்குக் கஜம் என்பதுபோல, சீரத்துக்கும் ஓர் அளவு வந்தது. உலக நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன.

சீரத்துக்காக நோபல் பரிசு 1901-ல் பேரிங் ஒருவருக்கே கிடைத்தது. எர்லிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1908-ல் மெச்னிகாப் என்ற ரஷ்யாவில் பிறந்த விஞ்ஞானியோடு அவருக்கும் அப்பரிசு வந்தது.

பூட்டும் சாவியும்

காவல்காரன் எப்படி ஆளறிகிறான் என்ற கேள்விக்கு எர்லிக் சொன்ன பதில் இது.

உயிரணுவின் மேற்புறத்தில் பல வடிவமுள்ள கைகள் இருக்கின்றன. விஷம் வந்தால், தன் வடிவத்துக்குப் பொருந்தும் கையை மட்டுமே அது பற்ற முடியும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான். விஷம் வந்து கைகளை அடைத்துக்கொண்டால் உயிரணு சும்மா இருப்பதில்லை. அதேமாதிரிக் கைகளை மேலும் மேலும் முளைக்கச் செய்கிறது. மிஞ்சியவை கழன்று ரத்தத்தில் மிதக்கின்றன. அவையே எதிர்ப்பொருள்கள்.

இந்தக் கருத்தைப் பலர் கேலி செய்தார்கள். சில பகுதிகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். எல்லா உயிரணுவும் எதிர்ப்பொருள் செய்வதில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையே அதைச் செய்கிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குப் பொருந்தும் ஒன்றைத்தான் பிடிக்கும் என்ற மூலக் கருத்து இன்றும் அசையவில்லை.

606-ம் எண் மருந்து

1899-ல் எர்லிக் பிராங்க்பர்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய அறையில் உட்கார நாற்காலி கிடைக்காது. நாற்காலி, சோபா, தரை எங்கும் புத்தகங்களும் பத்திரிகைகளும் அடுக்கியிருக்கும். கையில் எப்போதும் சுருட்டு. ஒருநாளைக்கு இருபத்தைந்து பிடிப்பார். ஓய்வு நேரத்தில் துப்பறியும் கதைகள் படிப்பார்.

அவர் மனத்தில் இப்போது புதிய ஆசை ஒன்று எழுந்தது. எதிர்ப்பொருள் ஆளறிந்து பிடிக்கிறது. சாயமும் ஆளறிந்து ஒட்டுகிறது. அப்படியானால், உடம்பை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் மருந்தை ஏன் செய்ய முடியாது? மந்திரக் குண்டு என்று அதற்கு அவர் பெயர் வைத்தார்.

அந்தக் காலத்தில் மேகநோய் குடும்பங்களைச் சீரழித்தது. ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும், வயிற்றில் உள்ள குழந்தைக்கும்கூட அது தொற்றியது. எர்லிக்கின் கூட்டத்தார் பாஷாணம் கலந்த ரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து எண் போட்டு வைத்தார்கள்.

606 என்ற எண்ணுள்ள பொருளை 1907-லேயே செய்துவிட்டார்கள். சோதித்தவர் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார். 1909-ல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹட்டா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். முயல்களுக்கு மேகநோயை உண்டாக்கிச் சோதிக்கும் முறை அவருக்குத் தெரியும். பழைய பொருள்களை எல்லாம் மறுபடி சோதிக்கும்படி எர்லிக் அவரிடம் ஒப்படைத்தார். குப்பை என்று ஒதுக்கிய 606 முயல்களைக் குணப்படுத்தியது!

1910 ஏப்ரலில் செய்தி வெளியாயிற்று. உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் டாக்டர்கள் மருந்து கேட்டு எழுதினார்கள். விற்பனைக்கு விடுமுன் சுமார் 65,000 அளவு மருந்தை இலவசமாக அனுப்பிச் சோதிக்கச் செய்தார். 1940-களில் பெனிசிலின் வரும்வரை அந்த நோய்க்கு இவர் மருந்துகளே கதி.

புகழோடு பழியும் வந்தது. பாஷாண மருந்து அல்லவா? சிலருக்குக் கெடுதல் செய்தது. கொலைகாரன் என்றுகூடச் சிலர் ஏசினார்கள். 1914-ல் விவகாரம் கோர்ட்டு ஏறியது. அவதூறு பரப்பியவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக்கின் உடல்நலம் கெட்டுவிட்டது. 1915 ஆகஸ்டு 20-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 61.

காகிதத்தில் தெரியும் கோடு

எர்லிக் இறந்து 64 ஆண்டுகள் சென்றன. 1979-ல் ஸ்விட்சர்லாந்தில், பாசல் நகரில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர்.

வெஸ்டர்ன் என்றால் மேற்கு. ஏன் இந்தப் பெயர்? மரபணுவைக் காணும் இதேபோன்ற முறையை 1975-ல் சதர்ன் என்பவர் கண்டார். சதர்ன் என்றால் தெற்கு என்று பொருள். அது அவர் பெயர், அவ்வளவுதான். அதை வைத்து விளையாட்டாக, அடுத்து வந்த முறைக்கு வடக்கு என்றார்கள். புரதத்தைக் காணும் முறைக்கு 1981-ல் மேற்கு என்று பெயர் வைத்தார்கள்.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. திருவிழாக் கூட்டம் போல. அதில் ஒரே ஒரு புரதம் இருக்கிறதா, இல்லையா என்று எப்படிக் காண்பது?

முதலில் உயிரணுக்களைச் சோப்புப் போன்ற ஒரு நீரில் உடைக்கிறார்கள். அந்தச் சோப்பு, சுருண்டு கிடக்கும் புரதங்களை நீட்டிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரி மின்னேற்றமும் கொடுக்கிறது.

அடுத்து, களி போன்ற மெல்லிய பலகையின் ஒரு முனையில் அதை விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். களிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சின்னப் புரதங்கள் நுழைந்து வேகமாக ஓடுகின்றன. பெரியவை தள்ளாடிப் பின்தங்குகின்றன. இப்படிக் கூட்டம் வரிசையாகப் பிரிகிறது.

பிறகு ஒரு மெல்லிய தாளைக் களியின்மேல் வைத்து மறுபடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வரிசை குலையாமல் புரதங்கள் தாளுக்கு மாறி ஒட்டிக்கொள்கின்றன.

இப்போது ஒரு வேடிக்கை. தாளில் காலி இடங்களை அடைக்கப் பெரும்பாலும் எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? பால் பவுடரை! அதைக் கரைத்து ஊற்றினால் பால் புரதம் காலி இடங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊற்றும் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது.

கடைசியாக, தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். அது ஆயிரம் புரதங்களையும் கடந்துபோய், தன் ஆளை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க, வண்ணமோ ஒளியோ உண்டாக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். தாளில் ஒரு கோடு தோன்றுகிறது. கோடு இருந்தால் புரதம் இருக்கிறது. தடித்த கோடு என்றால் நிறைய இருக்கிறது. கோடு இல்லை என்றால், கண்ணில் படும் அளவுக்கு அந்தப் புரதம் இல்லை.

எர்லிக் சாயத்தில் கண்டதும், எலியில் கண்டதும் இந்த ஒரு தாளில் வந்து சேர்ந்துவிட்டன.

இல்லாத கோடு சொன்ன உண்மை

இதனால் சாதாரண மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம்.

சில ஆண்குழந்தைகள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். சில வயது ஆனதும் அடிக்கடி விழுவார்கள். மாடிப்படி ஏறமுடியாது. கையைத் தொடையில் ஊன்றித்தான் எழுவார்கள். டுஷேன் என்ற தசை நோய் அது. என்ன காரணம் என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை.

1987-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையால் சோதித்தார்கள். நல்ல தசையில் மிகப் பெரிய புரதம் ஒன்றின் கோடு தெரிந்தது. நோயுள்ள சிறுவர்களின் தசையில் அந்தக் கோடே இல்லை! தசையைக் காக்கும் அந்தப் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டார்கள். நோயின் வேர் அங்கே இருப்பது தெரிந்தது. பெற்றோர் செய்த தவறு அல்ல, வளர்த்த முறையின் குற்றமும் அல்ல என்று ஒரு தாயிடம் டாக்டர் சொல்ல ஆதாரம் கிடைத்தது.

எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கிய பிறகும், முதல் சோதனையில் சந்தேகப்பட்டவர்களுக்கு உண்மையிலேயே கிருமி தொற்றியதா என்று உறுதி செய்யப் பல ஆண்டுகள் வெஸ்டர்ன் பிளாட்டையே நம்பினார்கள். தவறான முடிவால் ஒரு குடும்பம் சிதறாமல் காக்க அது உதவியது.

அழித்தும் அழியாத பெயர்

எர்லிக் மறைந்தபின் ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூதர் என்பதற்காக, பிராங்க்பர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயர்ப் பலகையை 1938-ல் அகற்றினார்கள். வயதான ஹெட்விக் அம்மையார் 1939-ல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. ஜெர்மானியக் குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்டவரின் மனைவிக்கு ஜெர்மனியில் இடமில்லாமல் போயிற்று. 1948-ல் அமெரிக்காவில் அவர் காலமானார்.

போருக்குப் பிறகு தெருவுக்குப் பழைய பெயர் திரும்பியது. அவர் தொடங்கிய சீரப் பரிசோதனை நிலையம் இப்போது அவர் பெயராலேயே நடக்கிறது. தடுப்பூசி மருந்துகள் தரமானவையா என்று ஜெர்மனியில் சோதிப்பது அந்த நிலையம்தான். யூரோ நாணயம் வருமுன் அந்நாட்டின் 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் முகமே இருந்தது.

பெயர்ப் பலகையைக் கழற்றுவது எளிது. ஆனால் அந்த ஆண்டுகளிலும் அதே ஜெர்மனியில், தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் சீரத்தை அளந்துதான் கொடுத்தார்கள். அது எர்லிக் வகுத்த அளவு.